எதிர்வெயிலில் தெரிய வேண்டும்: படகுத் திரைகளும் மூன்று பிளாஸ்டிக்குகளும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஃபோர்ட் லாடர்டேல் போன்ற கிழக்குக் கரை ஊர்களிலிருந்து மீன்பிடிக்கக் கிளம்பும் படகுகளுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. காலையில் கிழக்கே போகும்போது சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும். வளைகுடா நீரோட்டம் அங்கே கரையிலிருந்து சில மைல் தூரத்திலேயே ஓடுகிறது. அதன் ஓரத்தில் பகலெல்லாம் தூண்டில் போட்டுவிட்டு மாலையில் மேற்கே திரும்பினால் மறுபடியும் சூரியன் முகத்துக்கு நேரே. துறைமுக வாய்க்குள் நுழைகிற அந்த நேரத்தில்தான் நெரிசலும் அதிகம். வெளியே வரும் சரக்குக் கப்பல், குறுக்கே பாயும் ஜெட் ஸ்கீ, தண்ணீரோடு தண்ணீராக நகரும் கயாக் என்று எதுவும் எதிர்ப்படலாம். இத்தனையையும் படகோட்டி பார்ப்பது, பல படகுகளில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் தாள் வழியாக.

இந்த உல்லாசப் படகுகளின் மேல்தட்டில் சுக்கான் இருக்கும் இடத்தைச் சுற்றி, கூரைக்கும் இடுப்புயரச் சுவருக்கும் நடுவே, துணியும் ஒளிபுகும் பிளாஸ்டிக்கும் சேர்த்துத் தைத்த திரைகளை மாட்டுகிறார்கள். மேலே ஒரு தண்டவாளத்தில் கோத்து, பக்கவாட்டில் ஜிப்பால் இணைத்து, கீழே பித்தான்களால் பூட்டுவார்கள். மழைக்கும் அலைத்தெறிப்புக்கும் குளிருக்கும் காப்பு. காற்று வேண்டுமென்றால் சுருட்டிக் கட்டிவிடலாம். நம் ஊர் ஆட்டோவில் மழைக்காலத்தில் பக்கவாட்டில் இறக்கிவிடும் படுதாவும், அதன் நடுவே தைத்திருக்கும் மங்கிய பிளாஸ்டிக் ஜன்னலும் நினைவுக்கு வந்தால் சரிதான், பொருள்கூட அதேதான். ஆனால் ஆட்டோ ஓட்டுநருக்கு முன்னால் உண்மையான கண்ணாடி இருக்கிறது. படகில் முன்பக்கமும் பிளாஸ்டிக்தான்.

ஏன் கண்ணாடியே வைக்கக் கூடாது? பெரிய படகுகளில் வைக்கிறார்கள். உறுதியான கூரையும் சட்டமும் இருந்தால், அடுக்குக் கண்ணாடியும் அதன் மேல் வைப்பரும் இருப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் 5 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரைக் கிலோ எடை, 1 மி.மீ. பிளாஸ்டிக் ஒன்றேகால் கிலோவுக்குள். தலைக்கு மேல் அத்தனை எடையை ஏற்றினால் சின்னப் படகு தள்ளாடும். சுருட்டவும் முடியாது. ஆகவே தேர்வு மூன்று பிளாஸ்டிக்குகளுக்குள் வந்து நிற்கிறது: வினைல் எனப்படும் மென்மையாக்கிய பிவிசி, பாலிகார்பனேட், அக்ரிலிக்.

கடையில் இவற்றை ஒப்பிட உட்கார்ந்தால் இரண்டு எண்களைத்தான் முதலில் நீட்டுவார்கள். எத்தனை சதவீத ஒளியை ஊடுருவ விடுகிறது, கண்ணாடியைவிட எத்தனை மடங்கு அடி தாங்கும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் எதிர்வெயிலில் துறைமுகத்துக்குள் நுழைகிறவருக்கு இரண்டுமே பெரிதாக உதவாது. அவர் கேட்க வேண்டியது மூன்றாவது எண்ணை. அதிலும் புதுத்தாளின் எண் போதாது, இரண்டு மூன்று வருடம் கழுவித் துடைத்த பிறகு அது என்னவாகும் என்பதுதான் கேள்வி.

முதலில் ஊடுருவும் ஒளி. எந்த ஒளிபுகும் பொருளானாலும் காற்றோடு சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் கொஞ்சம் ஒளி திருப்பி அனுப்பப்படும். எவ்வளவு என்பதை அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண் முடிவு செய்கிறது. அக்ரிலிக்கின் எண் 1.49. கணக்குப் போட்டால் ஒரு பரப்புக்கு 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, இரண்டு பரப்புக்கும் சேர்த்து 8 சதவீதம். எனவே அக்ரிலிக் 92 சதவீதம் விடும். அதற்கு மேல் எந்தத் தயாரிப்பாளராலும் சாதாரணத் தாளில் விட வைக்க முடியாது. பாலிகார்பனேட்டின் எண் 1.586. இரண்டு பரப்பிலும் 10 சதவீதம் போய்விடும். பொருளுக்குள்ளேயே கொஞ்சம் உறிஞ்சப்பட்டு 88 அளவில் நிற்கும். வினைல் இவற்றுக்கு நடுவே. நான்கு சதவீத வித்தியாசத்தை மனிதக் கண்ணால் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. வெயில் கண்ணாடி போட்டிருப்பவர் ஏற்கெனவே பெரும்பகுதி ஒளியை வேண்டாம் என்று தள்ளிவிட்டவர். அவருக்கு 92 என்ன, 88 என்ன.

மூன்றாவது எண்ணின் பெயர் ஹேஸ், மங்கல். ஏஎஸ்டிஎம் டி1003 என்ற அமெரிக்கத் தரநிலை அதை இப்படி அளக்கிறது: தாளின் ஊடே வந்துவிட்ட ஒளியில், நேர்ப்பாதையிலிருந்து 2.5 டிகிரிக்கு மேல் விலகிச் சிதறியது எத்தனை சதவீதம். புதிய நல்ல அக்ரிலிக்கில் இது 1 சதவீதத்துக்கும் கீழே. இங்கேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. சிதறினாலும் ஒளி வந்துதானே சேர்கிறது. ஆகவே மங்கிப்போன தாள்கூட ஊடுருவல் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கும். பால்நிறக் குளியலறை ஜன்னல்கூடக் கணிசமான ஒளியை விடுகிறது, வெளியே யார் நிற்கிறார்கள் என்று மட்டும் தெரியாது.

சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்போது சில சதவீத மங்கலை யாரும் கவனிப்பதில்லை. அதே தாளை எதிர்வெயிலில் வைத்துப் பார்த்தால் கதை மாறும். சூரியனின் பிரகாசம் மற்ற எல்லாவற்றையும்விடப் பல்லாயிரம் மடங்கு. அதில் ஒரு சிறு பங்கு தாளுக்குள் சிதறினாலே தாள் முழுவதும் ஒரு வெள்ளைப் போர்வையாக ஒளிரும். அந்தப் போர்வையின் ஒளி காட்சியிலுள்ள எல்லா இடத்தின் மீதும் சமமாகக் கூடுகிறது. வெளிச்சமான பொருளுக்கு அதனால் நஷ்டமில்லை. இருண்ட பொருள்தான் காணாமல் போகும்: நீரில் மிதக்கும் மரக்கட்டை, வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பாக நிற்கும் மிதவை, கயாக்கில் குனிந்திருக்கும் ஆள். படகோட்டி மோதக் கூடாதவை எவையோ அவைதான் முதலில் மறைகின்றன. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, ஒவ்வொரு கலமும் எப்போதும் பார்வையாலும் செவியாலும் சரியான கண்காணிப்பு வைத்திருக்க வேண்டும் என்கிறது. மங்கிய திரைக்குப் பின்னால் நின்று இடித்துவிட்டு வெயில் கண்ணைக் கூசவைத்தது என்று சொன்னால் அது சாக்காக எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, மங்கல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கீறலிலிருந்து. ஒவ்வொரு நுண்கீறலும் ஒளியைப் பிரித்தெறியும் ஒரு சிறு பள்ளம். அதற்கடுத்துப் பொருள் தானாகச் சிதைவதிலிருந்து. வினைலில் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

பிவிசி அதன் இயல்பில் விறைப்பானது. தண்ணீர்க் குழாய்கள் அந்த விறைப்பான பிவிசிதான். அதை வளையவைத்த பெருமை பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வேதியியலாளர் வால்டோ செமனுக்கு. 1926இல் அவர் தேடியது ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசையை. கொதிநிலை அதிகமுள்ள கரைப்பானில் பிவிசியைச் சூடாக்கியபோது கிடைத்தது பசையல்ல, வளைந்து நெளியும் ஒரு ஜெல்லி. கரைப்பான் மூலக்கூறுகள் பிவிசியின் நீளச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவிடுகின்றன. நெகிழ்வூட்டி என்று இவற்றைச் சொல்கிறோம். இவை சங்கிலியோடு வேதியியல் பிணைப்பில் இல்லை, வெறுமனே நடுவில் தங்கியிருக்கின்றன. எனவே வெயில் சூட்டில் மெல்ல வெளியேறும். தாள் சுருங்கும், விறைக்கும், ஒருநாள் மடிப்பில் பிளக்கும். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் மஞ்சள். சூட்டாலும் புற ஊதாக் கதிராலும் பிவிசிச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கழன்று போகிறது. போன இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு உருவாகும். அது பக்கத்து இடத்தையும் பலவீனமாக்கும். அங்கேயும் ஒன்று கழலும். இப்படி வரிசையாக இரட்டைப் பிணைப்புகள் சேர்ந்ததும் அந்தத் தொடர் நீல ஒளியை விழுங்க ஆரம்பிக்கிறது. நீலம் போனால் மிச்சம் மஞ்சளாகத் தெரியும். தயாரிப்பின்போதே நிலைப்படுத்திகளையும் புற ஊதா உறிஞ்சிகளையும் கலப்பது இதைத் தள்ளிப்போடத்தான். நிறுத்த முடியாது. மயாமி வட்டாரத்தின் வெயிலும் ஈரமும் இந்தச் சோதனைக்கு உலகம் முழுக்கப் பேர்போனவை: பெயின்ட்டிலிருந்து பிளாஸ்டிக் வரை, மாதிரிகளைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வருடக்கணக்கில் காயவிட்டு ஆயுளை மதிப்பிடும் திறந்தவெளிச் சோதனைக் களங்கள் அங்கே இருக்கின்றன. அதே வெயிலில்தான் நம் படகும் நிற்கிறது.

வினைலிலும் ஜாதி உண்டு. மலிவானது சுருளாக வருவது. உருளைகளுக்கிடையே இழுத்துத் தயாரிப்பதால் தடிமன் நூலிழை அளவில் கூடிக் குறையும், அதன் வழியே பார்த்தால் அடிவானம் நெளியும். நேராகப் பார்க்கும்போது குறைவாகத் தெரியும் இந்த நெளிவு, திரை பின்சாய்ந்து இருந்தால் பெரிதாகும். வேகப்படகுகளில் முன்திரை பெரும்பாலும் பின்சாய்வாகவே இருக்கும். அடுத்த ஜாதி, தனித்தனித் தாளாக மெருகேற்றிய எஃகுத் தகடுகளுக்கு நடுவே சூடாக அழுத்தி எடுப்பது. எஃகின் மழமழப்பு அப்படியே பிளாஸ்டிக்கில் பதிகிறது. அதற்கும் மேல், ஸ்ட்ராட்டாகிளாஸ் போன்றவற்றில், அழுத்திய தாளின் மீது கீறல் தாங்கும் பூச்சு ஒன்றும் சேர்க்கிறார்கள். விலை படிப்படியாக ஏறும்.

தடிமனைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். 20 கேஜ் என்றால் அரை மி.மீ., 30 என்றால் முக்கால், 40 என்றால் ஒரு மி.மீ. பத்து கேஜ் வித்தியாசம்தானே என்று 30ஐ வாங்குபவர்கள் உண்டு. ஆனால் ஒரு தாளின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. மூன்றுக்கு நான்கு என்றால் விறைப்பு 2.4 மடங்கு. 25 நாட் வேகத்தில் 15 நாட் எதிர்காற்றுக்குள் போகும் படகின் முன்திரையில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 26 கிலோ அழுத்தம் விழும். மெல்லிய தாள் அந்த அழுத்தத்தில் உள்நோக்கிக் குழிந்து படபடக்கும். படபடக்கும் தாளில் காட்சியும் படபடக்கும். முன்பக்கத்துக்கு 40 கேஜுக்குக் குறைவாக வைப்பது எனக்குப் புரியாத சிக்கனம்.

இவ்வளவு குறை சொல்லியும், இன்றைக்கும் ஏராளமான படகுகளில் வினைல்தான் தொங்குகிறது. காரணம் எளிது: அது சுருளும். சாதாரணத் தையல் எந்திரத்தில் தைக்கலாம். வளைவான சட்டத்தைச் சுற்றி வளையும். போனால் ஒரு திரையைப் பிரித்து வேறு தைத்துக்கொள்ளலாம்.

பாலிகார்பனேட் வேறு பிறவி. 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல் ஒரு பக்கமும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸ் இன்னொரு பக்கமும், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஏறத்தாழ ஒரு வார இடைவெளியில் இதைக் கண்டுபிடித்தார்கள். மக்ரோலான், லெக்ஸான் என்ற இரண்டு வணிகப் பெயர்களும் அந்த இரண்டு ஆய்வுக்கூடங்களின் வழி வந்தவை. அப்பல்லோ விண்வெளி வீரர்களின் குமிழ்த் தலைக்கவசம் இந்தப் பொருள். சுத்தியலால் அடித்தால் சுத்தியல் எகிறும். விற்பவர்கள் கண்ணாடியைப்போல் 250 மடங்கு என்று சொல்வது இந்த அடிதாங்கும் குணத்தைத்தான்.

விந்தை என்னவென்றால், சுத்தியலுக்குப் பயப்படாத இதுதான் துடைக்கும் துணிக்குப் பயப்படுகிறது. பாலிகார்பனேட்டின் மேற்பரப்பு அக்ரிலிக்கைவிட மென்மையானது. அடியின் வேகத்தை உள்வாங்கி வளைந்துகொடுக்கும் அதே தன்மை, மணல்துகளுக்கும் இடம்கொடுத்துவிடுகிறது. பூச்சில்லாத பாலிகார்பனேட் தாளை உப்பும் தூசியும் படிந்த நிலையில் ஒரு தடவை உலர்துணியால் துடைத்தாலே போதும், மாலைச் சூரியனுக்கு எதிரே வட்டவட்டமாகச் சிலந்தி வலை தெரியும். ஆகவே படகுக்கு இதை வாங்குவதென்றால் கடினப் பூச்சுள்ளதாகத்தான் வாங்க வேண்டும். அந்தப் பூச்சு தன்னளவில் உடையக்கூடியது என்பதால் தாளை அதிகம் வளைக்கக் கூடாது. வளைத்தால் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் வரும். சுருட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கூரையின் அடிப்பக்கமாகத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட வேண்டியதுதான்.

பாலிகார்பனேட்டும் வெயிலில் மஞ்சளாகும், வேறு வினையால். அதனால் தயாரிக்கும்போதே புற ஊதாவை உறிஞ்சும் ஒரு மெல்லிய அடுக்கை மேலே சேர்த்துவிடுகிறார்கள். பல தாள்களில் அது ஒரு பக்கம் மட்டும்தான். எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்பது மேலே ஒட்டிய காப்புத்தாளில் அச்சிட்டிருக்கும். வெட்டித் தைக்கும் அவசரத்தில் அந்தக் காப்புத்தாளை உரித்துப் போட்டுவிட்டால், அதன் பிறகு வெறும் கண்ணால் பக்கத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. உள்வெளி மாறித் தைத்த திரை முதல் நாள் மற்றவை போலவே பளபளக்கும். கொஞ்ச காலம் கழித்து அது மட்டும் தனியாக மஞ்சளிக்கும்.

மீன்பிடிப்பவர்களுக்கென்றே இன்னொரு தொல்லையும் இதில் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் போலராய்டு வெயில்கண்ணாடி அணிபவர்கள். நீர்ப்பரப்பின் பளபளப்பை வெட்டி, கீழே ஓடும் மீனைக் காட்டுவது அதுதான். வானத்து ஒளி ஓரளவு முனைவாக்கம் அடைந்தே, அதாவது ஒரே திசையில் அதிர்ந்தே, வருகிறது. பாலிகார்பனேட் தாளில் தயாரிப்பின்போதும் மாட்டும்போதும் தங்கிப்போன இழுவிசை, ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவு திருப்பிவிடும். போலராய்டு வழியாகப் பார்க்கும் கண்ணுக்குத் திரையெங்கும் பச்சையும் ஊதாவுமாக வானவில் பட்டைகள். வெயில்கண்ணாடியைக் கழற்றினால் ஒன்றும் இல்லை. வாங்கும் நாளில் கடைக்குள் விளக்கொளியில் நின்று பார்த்தவர் இதைக் கண்டிருக்க மாட்டார். ஆகவே கடைக்குப் போகும்போது வெயில்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய், தாளை வாசலுக்கு வெளியே கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

அக்ரிலிக் மூன்றிலும் தெளிவானது, வெயிலுக்கும் மூன்றிலும் நல்ல பிள்ளை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாவை அதன் மூலக்கூறு அதிகம் உறிஞ்சுவதில்லை. உறிஞ்சாததால் சிதைவும் குறைவு. பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயர் ஜெர்மனியின் ஓட்டோ ரோமின் நிறுவனத்தில் 1933இல் பதிவானது. பிரிட்டனில் அதுவே பெர்ஸ்பெக்ஸ். இரண்டாம் உலகப் போரில் போர்விமானங்களின் விமானி அறை மூடிகள் இதனால் ஆனவை. குண்டுபட்டு நொறுங்கிய மூடியின் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் தைத்தும் அங்கே அழற்சி உண்டாகாததைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர், 1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் செயற்கை விழிவில்லையைப் பொருத்தினார். கண்புரை அறுவை செய்துகொண்ட கோடிக்கணக்கானோர் அந்தக் கவனிப்புக்குக் கடன்பட்டவர்கள். படகுக் கதைக்கு இது கிளைக்கதைதான், விட மனம் வரவில்லை.

அக்ரிலிக் விறைப்பானது, முறியக்கூடியது. கண்ணாடியைவிடப் பல மடங்கு அடி தாங்கும்; ஆனால் தாங்காத கட்டத்தில் வளையாமல் வெடிக்கும். அதன் ஓரங்களில் துணியைப் பொருத்துவதற்குப் பக்குவம் தெரிந்த கை வேண்டும். இதற்கு ஈடாக ஒரு பெரிய வசதி: கீறினால் மெருகுப்பசை போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம். பூச்சு போட்ட வினைலிலும் பாலிகார்பனேட்டிலும் அது முடியாது. தேய்த்தால் பூச்சுதான் போகும்.

விறைப்பான தாள்கள் இரண்டுக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. வெப்பத்தில் இவை கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும். ஒன்றரை மீட்டர் அகலத் திரை, 10 டிகிரிக் காலைக்கும் வெயிலில் காய்ந்து 50 டிகிரி எட்டும் மதியத்துக்கும் நடுவே, 4 மி.மீ. வரை நீளும். அலுமினியச் சட்டத்தில் இறுக்கமாகத் திருகிவிட்டால் அந்த 4 மி.மீ. போக இடமில்லாமல் தாள் உப்பும். அல்லது திருகுத் துளையிலிருந்து வெடிப்பு கிளம்பும். துளையைத் திருகைவிடப் பெரிதாகப் போட வேண்டும். தையலிலும் இதே நியாயம்தான். 1 மி.மீ. பாலிகார்பனேட்டைத் தடித்த ஊசியால் தைக்கிறார்கள். நெருக்கமாகத் தைத்தால் ஊசித்துளை வரிசை அஞ்சல்தலை ஓரம்போல் ஆகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். நல்ல தையற்காரர் தையலை நீளமாக விடுவார்.

நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக்குக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்துவிட்டு, அதைத் துணியோடு பிடித்திருக்கும் சாதாரண பாலியெஸ்டர் நூல் முதலில் மக்கிப்போவது புளோரிடாவில் அன்றாடக் கதை. பிடிஎஃப்இ நூல், அதாவது தோசைக்கல் பூச்சுக்குப் பயன்படும் அதே பொருளில் செய்தது, வெயிலுக்கு அசையாது. விலை அதிகம்தான், ஆனால் முழுத் திரையையும் பிரித்து மறுபடி தைக்கும் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

இனி, திரையைக் கெடுக்கும் கைகள். கடலிலிருந்து திரும்பிய படகின் திரையில் உப்பு காய்ந்து படிகமாக நிற்கும். இடையிடையே மணலும் இருக்கும். மணலின் குவார்ட்சு கண்ணாடியையே கீறும்; பிளாஸ்டிக் எம்மாத்திரம். துணி தொடுவதற்கு முன் நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கரைத்து மணலை இறக்கிவிட வேண்டும். பிறகு மிதமான சோப்புநீர், மெத்தென்ற துணி, மறுபடி தண்ணீர், கடைசியில் ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் துணி. வீட்டு ஜன்னலுக்குப் பயன்படுத்தும் அமோனியா கலந்த நீலத் திரவம் இங்கே ஆகாது. கார்க் கண்ணாடியில் மழைநீர் ஒட்டாமலிருக்கப் பூசும் மருந்தும் ஆகாது. அமோனியா பாலிகார்பனேட்டை வெடிக்க வைக்கும், ஆல்கஹாலும் அசிட்டோனும் அக்ரிலிக்கில் வெள்ளி நூல்போல் நுண்வெடிப்புகளைக் கிளப்பும். தாள் வளைந்து இழுபட்ட நிலையில் இருக்கும் இடங்களில், அதாவது திருகின் ஓரமும் தையல் வரிசையும், இது முதலில் தலைகாட்டும்.

யாரும் எதிர்பாராத எதிரி, கொசுவிரட்டி. டீட் என்ற மருந்து பல பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். கையில் கொசுவிரட்டியும் சன்ஸ்கிரீனும் பூசிக்கொண்ட விருந்தினர் ஒருவர் எட்டிப் பார்க்கத் திரையில் உள்ளங்கையை ஊன்றினால், அந்தக் கைரேகை கழுவினாலும் போகாமல் தங்கிவிட வாய்ப்புண்டு. வினைல் திரை வெயிலில் சூடேறிய உலோகக் குழாய்மீது சாய்ந்து கிடந்தாலும் அந்தக் கோட்டில் தீய்ந்ததுபோல் தழும்பு விழும்.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, ஒரு படகுக்கு ஒரே பொருள் என்று முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படகோட்டி பார்க்கும் திசைகள் சமமானவை அல்ல. சுக்கானுக்கு நேர் எதிரேயுள்ள இரண்டு மூன்று திரைகள் அடிக்கடி சுருட்டப்படாதவை, நெளிவும் மங்கலும் பொறுக்காதவை. அவை அக்ரிலிக்காகவோ, பூச்சுள்ள பாலிகார்பனேட்டாகவோ இருக்கட்டும். போலராய்டு அணிபவர் என்றால் அக்ரிலிக். பக்கத்துத் திரைகளும் பின்திரையும் நாள்தோறும் ஏறி இறங்குபவை. அங்கே அழுத்தி எடுத்த 40 கேஜ் வினைல் போதும், தேய்ந்தால் மாற்றலாம். இதில் அழகுக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு சாயலில் பளபளக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்டதுபோல் இருக்கும். பல உரிமையாளர்கள் இதற்காகவே மறுக்கிறார்கள். அது அவர்கள் காசு.

வடக்கே போனால் கணக்கு வேறு. மிச்சிகன் ஏரிக்கரையில் ஆண்டின் பாதியளவு படகு கரையேறிக் கிடக்கும். வெயிலின் தாக்குதல் குறைவு, குளிர்தான் பகை. குளிரில் வினைல் விறைத்து, மடித்தால் ஒடியும். இலையுதிர்காலக் காலையில் திரை சுருங்கி, பித்தான் குமிழுக்கு எட்டாமல் நிற்பதும், வெயில் ஏறும்வரை காத்திருந்து மாட்டுவதும் அங்கே வழக்கம். திரையைக் கழற்றிவைக்கும்போது மடிக்கக் கூடாது, உருட்ட வேண்டும். வினைலும் வினைலும் தொட்டுக்கொண்டால் ஒட்டிக்கொள்ளும். நடுவே பழைய பருத்தி விரிப்பு ஒன்றைப் போட்டு உருட்டுவார்கள். அக்ரிலிக், பாலிகார்பனேட் தகடுகளை உருட்ட முடியாது என்பதால் ஆறுமாதம் தட்டையாக வைக்க இடம் தேட வேண்டும். அப்படி இடமில்லாதவருக்கு வினைல்தான் விடை.

எவ்வளவு தெளிவான தாளானாலும் இரவில் அது முகம் பார்க்கும் கண்ணாடி. ராடார் திரை, ஆழமானி, வரைபடத் திரை என்று சுக்கானைச் சுற்றி ஒளிரும் எல்லாமும் அதில் பிரதிபலித்து, வெளியிருட்டில் தெரியும் சிறு விளக்கோடு போட்டியிடும். அந்த 4, 5 சதவீதப் பிரதிபலிப்புதான், பகலில் பொருட்படுத்தாதது. கருவிகளின் வெளிச்சத்தைக் குறைப்பது ஒரு வழி. அனுபவசாலிகள் நடுத்திரையின் ஜிப்பைத் திறந்து மேலே கட்டிவிட்டு, குளிரைத் தாங்கிக்கொண்டு வெறும் கண்ணால் பார்க்கிறார்கள். முன்திரைகளில் ஒன்றாவது இப்படித் திறக்கும்படி தைக்கச் சொல்ல வேண்டும். மூன்றையும் அசையாத தகடாக்கிவிட்டால் இரவில் வருத்தப்பட நேரும். திறந்த இடைவெளி வழியாகத்தான் மற்றக் கலங்களின் சங்கொலியும் கேட்கும்.

இப்படித் திரைகளால் அடைப்பதில் ஓர் உயிராபத்தும் இருக்கிறது. முன்னும் பக்கமும் மூடி, பின்னால் மட்டும் திறந்துவைத்து ஓடும் படகில், பின்பக்கம் காற்றழுத்தம் குறைந்து இன்ஜின் புகை திரும்பி உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பிப்பதைக் கடல்நோய் என்று நினைத்துப் படுத்துவிடுபவர்கள் உண்டு. அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைத் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. முன்திரையில் கொஞ்சம் திறந்து காற்று முன்னிருந்து பின்னே ஓடும்படி வைப்பதும், கண்டறியும் கருவி ஒன்றை மாட்டுவதும் எந்தப் பிளாஸ்டிக் என்ற கேள்விக்கு முந்தியவை.

வாங்கும் நிலையில் இருப்பவர் தையற்காரரிடம் மூன்று பொருளிலும் உள்ளங்கை அகலத்தில் வெட்டுத்துண்டுகள் கேட்டு வாங்கலாம், குப்பைக்குப் போகிறவைதான். படகிலேயே மேற்குப் பார்த்த இடத்தில் கட்டித் தொங்கவிட்டு, படகைக் கழுவும் அதே ஆள் அதே துணியால் அவற்றையும் கழுவட்டும். சில வாரம் கழித்து மாலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், சோதனைக்கூடத்தின் எண்ணைவிட அந்தப் படகுக்குப் பொருத்தமான விடை கிடைக்கும். தேர்ந்தெடுத்துத் தைத்த பிறகு, ஒவ்வொரு திரையின் துணி ஓரத்திலும் எந்தப் பொருள், எந்த வருடம் என்று அழியாத மையால் எழுதச் சொல்ல வேண்டும். படகு கைமாறும், திரைகள் ஒவ்வொன்றாக மாற்றப்படும். பத்து வருடம் கழித்து வரும் உரிமையாளருக்கு எது அக்ரிலிக், எது பாலிகார்பனேட் என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எழுத்தும் இல்லாவிட்டால் ஓரத்திலிருந்து ஒரு கீற்று வெட்டி வளைத்துப் பார்க்கலாம்: முறிந்தால் அக்ரிலிக், மடிந்தால் பாலிகார்பனேட்.